மூன்றாவது கடிகாரம்

மார்ச் 3

தம்பிக்கு,

போனில் என் எண்ணை நீ அடைத்து வைத்திருக்கிறாய். வீடு மாறியபோது புது முகவரியும் சொல்லவில்லை. அதனால் இதை உன் கம்பெனி முகவரிக்குத் தபாலில் போடுகிறேன்.

சமாதானம் பேச எழுதவில்லை, பயப்படாதே. ஒரு வேலை விஷயம். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, அவை மக்கர் பண்ணினால் ஓடிப்போய்ப் பார்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான்.

நீ ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த புகாரின் மேல் விசாரணை ஆரம்பித்துவிட்டார்கள். நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன். இப்போதெல்லாம் எழுதினால்தான் எனக்கு எதுவும் பிடிபடுகிறது. ஜனவரி 17. அப்பா எங்கள் வார்டில், ஏழாம் கட்டிலில். டியூட்டி நர்ஸ் நான். அப்பாவின் துடிப்பு நின்று, கட்டிலருகே இருந்த இதய மானிட்டரில் மணி அடித்தது மதியம் 3.04 என்று மானிட்டரின் பதிவு சொல்கிறது. அவசரக் குழுவைக் கூப்பிடும் பட்டனை நான் வார்டு கம்ப்யூட்டரில் அழுத்தியது 3.15 என்று கம்ப்யூட்டரின் பதிவு சொல்கிறது. நடுவில் பதினொரு நிமிடம். அப்பாவை எடுத்த அன்று, அந்தப் பதிவின் நகலை ஆட்டிக்கொண்டு வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டாய்: "பதினொரு நிமிஷம் எங்கக்கா போன?" நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

வாயைத் திறக்காததற்குக் காரணம், எனக்குப் பதில் தெரியாது. மணி அடித்தது தெரியும். திரைத்துணியைத் தள்ளியது தெரியும். அடுத்து என் இரண்டு கையும் அப்பாவின் மார்பில் இருந்தன. நடுவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பதினேழு வருடம் இந்த வேலை பார்த்தவள், பெற்ற அப்பா என்றதும் மரம் மாதிரி நின்றிருக்கலாம். யோசித்துப் பார்த்தால் பயமோ அழுகையோ வர வேண்டும். எதுவும் வரவில்லை. சின்னவள் "அம்மா, உப்பே இல்லம்மா" என்று சொன்ன பிறகுதான் நானும் உப்பில்லாமல் அரைத் தட்டு சாப்பிட்டிருக்கிறேன் என்று தெரிகிறது.

நேற்று மருந்து கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 10.40 என்று விழுந்தது. என் போனில் 10.30. அதனால் கேட்கிறேன். இணைத்து வைத்த இயந்திரங்கள் வேறு வேறு நேரம் காட்டுமா? அதை எப்படிப் பார்ப்பது? நான் நின்றிருந்தால், நின்றேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகிறேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

அக்கா


மார்ச் 11

கடிதம் வந்தது. புகாரை வாபஸ் வாங்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேட்டதற்குப் பதில். காட்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. அது மட்டமான சரக்கு, தினமும் கொஞ்சம் நழுவும். அதனால் தன்னை நம்பாமல் மேலே ஒரு சர்வரிடம் அடிக்கடி மணி கேட்டுத் திருத்திக்கொள்ளும். அந்த சர்வர் அதற்கும் மேலே, வெளியே இருக்கும் ஒன்றைக் கேட்கும். கேட்கிற இடம் சரியாக இருந்தால் எல்லாம் சரி.

செய்ய வேண்டியது. மானிட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே படத்தில் விழும்படி நின்று போனில் வீடியோ எடு. கண்ணால் மாறி மாறிப் பார்த்து எழுதாதே, திரும்புவதற்குள் இரண்டு நொடி ஓடிவிடும். பிறகு வார்டில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் பார். ஒன்று மட்டும் தப்பாக இருந்தால் கோளாறு அதில். எல்லாம் ஒரே அளவு தப்பாக இருந்தால் கோளாறு மேலே.

அவசரப்பட்டு எதையும் முடிவு கட்டாதே. இரண்டு கடிகாரம் இரண்டு நேரம் காட்டினால், அவை ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். எது பொய் சொல்கிறது என்று தெரிய மூன்றாவது ஒன்று வேண்டும்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாளா?


மார்ச் 19

தம்பிக்கு,

போகிறாள். மாமாவைக் கேட்கிறாள். மாமாவுக்கு வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சொன்னபடி செய்தேன். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்க வீடியோ எடுத்தேன். மூன்றாம் கட்டில் தாத்தா தலையை வாரிக்கொண்டு, "எந்த டிவியிலம்மா வரும்?" என்று கேட்டார். மேட்ரன் வந்து, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். விசாரணை முடிகிறவரை மருந்து வண்டியைத் தவிர எனக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டதே அவர்தான்.

வார்டில் நான்கு கம்ப்யூட்டர்கள். நான்கும் மானிட்டரைவிடப் பத்து நிமிடம் ஆறு நொடி முன்னால் ஓடுகின்றன. நான்கும் அச்சுப் பிசகாமல் அதே பத்து நிமிடம் ஆறு நொடி. மானிட்டர் என் போனோடு ஒத்துப்போகிறது. அதன் பெட்டிக்கு சாட்டிலைட்டிலிருந்து மணி வாங்க மொட்டைமாடியில் தனி ஆன்டெனா இருக்கிறதாம், அது கம்ப்யூட்டர்களிடம் எதையும் கேட்பதில்லையாம். பழைய கட்டிடத்தில் சீட்டுப் போடும் இடத்தையும் எட்டிப் பார்த்தேன். அங்கே சரியாக இருக்கிறது. எங்கள் கட்டிடத்துக்கு மட்டும்தான் இந்த அவசரம்.

இத்தனை பேர் நாள் முழுக்க அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிறோம். மூலையில் ஓடுகிற மணியை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆளுக்கொரு போன் இருக்கிறது, எதற்குப் பார்ப்பது.

இதைப் பார்த்ததும் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும், சொல்.

அக்கா


மார்ச் 27

கோளாறு மேலே. உங்கள் கட்டிடத்து சர்வர்.

இரண்டு விதமாக நடந்திருக்கலாம். வெளியே கேட்கும் வழி அடைபட்டு, சர்வர் தினம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே வந்திருக்கலாம். மேலே யாரும் பதில் சொல்லாவிட்டால் சில சர்வர்கள் தம்மையே கேட்டுக்கொண்டு, தம் பதிலையே சரி என்று எடுத்துக்கொள்ளும். கீழே இருப்பவை வாயை மூடிக்கொண்டு நம்பும். இல்லையென்றால் யாரோ ஒரு நாள் கையால் தப்பாக வைத்திருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க, தினமும் ஒரே வேளையில் அதே வீடியோவை எடு. பத்து நாள். வித்தியாசம் வேகமாகக் கூடினால் நழுவல். அப்படியே நின்றால் கை வைத்த வேலை. சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஆளிடமும் போய்ப் பேசு. திட்டாதே. திட்டினால் தெரிந்ததையும் சொல்ல மாட்டார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான்.

இதை வைத்துக்கொண்டு நீ தப்பித்துவிட்டாய் என்று நினைக்காதே. இன்றைக்கு என்ன காட்டுகிறது என்பது வேறு, ஜனவரி 17 அன்று என்ன காட்டியது என்பது வேறு.

அக்கா, தூக்கம் வருகிறதா? கேட்டால் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்.


ஏப்ரல் 10

தம்பிக்கு,

வருகிறது. படுத்தால் கட்டை மாதிரி தூங்குகிறேன். அதுவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

பத்து நாளில் பத்து நிமிடம் பதினொரு நொடி, பத்து நிமிடம் பதினாறு நொடி ஆயிற்று. ஒரு நாளைக்கு அரை நொடி. நழுவியே பத்து நிமிடம் சேர வேண்டுமானால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அந்த சர்வர் வந்தே இரண்டு வருடம்தான். ஆகவே கை வைத்த வேலை.

யார் கை என்றும் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் அறைக்காரர் நல்ல மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஏதோ வைரஸ் வந்துடுச்சுன்னு வெளி லைனையெல்லாம் மூடச் சொல்லிட்டாங்க மேடம். அதுல மணி கேட்கிற லைனும் போயிடுச்சு. ஒரு தடவை சர்வரை நிறுத்திப் போட்டப்ப மணி எங்கேயோ ஓடிப்போச்சு. நான்தான் கையால வெச்சேன்."

"எதைப் பார்த்து வெச்சீங்க?"

"என் வாட்ச்சைப் பார்த்துத்தான்."

கையை நீட்டினார். என் போனை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இது பத்து நிமிஷம் முன்னால ஓடுதே?"

"வேணும்னேதான் மேடம். ஸ்டாஃப் பஸ்ஸை விட்டுடக் கூடாதுன்னு முன்னால வெச்சிருக்கேன். பார்க்கிறப்ப மனசுக்குள்ள பத்தைக் கழிச்சுக்குவேன்."

"சர்வருக்கு வெச்சப்ப கழிச்சீங்களா?"

அவர் வாட்ச்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் கழிச்சுக்குவேன்," என்றார். "அது கழிச்சுக்காதே."

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. வார்டில் இப்போது அவருக்குப் 'பத்து நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் நீ சொன்ன இடத்திலேயே வண்டி நின்றுவிட்டது. என்றைக்கு வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை. போன வருடக் கடைசியாக இருக்கலாம், பிப்ரவரியாகவும் இருக்கலாம். சர்வர் தன் குறிப்புகளை முப்பது நாள்தான் வைத்துக்கொள்கிறதாம். விசாரணை டாக்டர் என் வீடியோக்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மார்ச் மாசத்துக்குச் சாட்சி, ஜனவரிக்கு இல்லையேம்மா," என்றார். நீ எழுதியதையே சொன்னார். நீங்கள் இருவரும் சேர்ந்து படித்தீர்களா?

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அன்று நான் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஒரு குறிப்பு. "ஏழாம் கட்டில். நினைவு தெளிவு. போனில் அழைக்கிறார்." நேரம் 3.11. மானிட்டர் கணக்கில் 3.04க்கே துடிப்பு நின்றுவிட்டது. துடிப்பு நின்று ஏழு நிமிடம் கழித்து எப்படிப் போன் செய்தார் என்று கேட்கிறார்கள். என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிறகு எழுதிய பொய்க் குறிப்பு என்கிறார்கள். அதை எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதும்போது அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

நீ சொன்ன மூன்றாவது கடிகாரம் இதுதான். அப்பா அன்று செய்த அந்த அழைப்பு. அது யாருக்குப் போனதோ அவருடைய போனில் சரியான நேரம் விழுந்திருக்கும். அங்கே 3.01 என்று இருந்தால், அன்றைக்கே கம்ப்யூட்டர் பத்து நிமிடம் முன்னால் ஓடியது நிச்சயம். என் 3.15 உண்மையில் 3.05. அப்பாவின் போன், மார்பை அழுத்துவதற்காகக் கட்டிலைச் சமப்படுத்தும்போது கீழே விழுந்து செத்துவிட்டது. அவர் பெயரில் பட்டியல் கேட்டால் வாரிசுச் சான்றிதழ், அந்தச் சான்றிதழ், இந்தச் சான்றிதழ் என்று இரண்டு மாதம் ஆகுமாம். விசாரணை மே 6 அன்று முடிகிறது.

அழைப்பு யாருக்குப் போயிற்று என்று நான் வேறு யாரையும் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 26

தம்பிக்கு,

பதினாறு நாளாகப் பதில் இல்லை. தபால் வரவில்லையோ என்று நினைத்தேன். அதுதான் நல்லது என்றும் நினைத்தேன்.

மேட்ரன் கூப்பிட்டு, நானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கோப்பில் 'பொய்க் குறிப்பு' என்ற வார்த்தை வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். காகிதத்தை வாங்கி வந்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. சின்னவள் அதன் பின்பக்கம் கணக்குப் போட்டிருக்கிறாள், வேறு காகிதம் வாங்க வேண்டும்.

எழுதினால் எழுது. இல்லாவிட்டால் பரவாயில்லை.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

ராஜினாமா எழுதாதே.

இதோடு இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்று போன் கம்பெனி முத்திரை போட்டுக் கொடுத்த, என் எண்ணுக்கு வந்த அழைப்புகளின் பட்டியல். ஜனவரி 17, மதியம் 3.01, அப்பாவின் எண். எடுக்கப்படவில்லை. இன்னொன்று நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். அதில் எழுதியிருப்பதை உனக்கும் எழுதுகிறேன். என்னிடமிருந்து நேராக நீ கேட்க வேண்டும்.

எடுக்கப்படவில்லை என்பது கம்பெனி வார்த்தை. நான் கட் பண்ணினேன். ஒரு வாடிக்கையாளரின் சர்வர் அறையில் இருந்தேன். மும்முரம் ஒன்றும் இல்லை, கம்பி முனைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அப்பா ஒரு நாளைக்கு ஆறு தடவை கூப்பிடுவார் என்று உனக்குத் தெரியும். ஃபேன் சத்தம் போடுகிறது, சாப்பிட்டாயா, எத்தனை மணிக்கு வருகிறாய். அன்று காலையிலேயே இரண்டு தடவை ஆகிவிட்டது. நாலு மணிக்கு நேரில்தானே வரப்போகிறோம் என்று சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த சீட்டை ஒட்டினேன். 3.40க்கு நீ கூப்பிட்டாய்.

பதிவின் நகல் கைக்கு வந்தபோது உன் 3.11 குறிப்பை முதலில் பார்த்தேன். பார்த்த உடனே தெரியும், அக்கா. அந்த அழைப்பு எனக்கு வந்தது 3.01க்கு. உங்கள் கம்ப்யூட்டர் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று அந்த நிமிடமே தெரியும். இது என் தொழில். தெரிந்துகொண்டேதான் வாசலில் நின்று கத்தினேன். தெரிந்துகொண்டேதான் புகார் எழுதினேன். நீ பதினொரு நிமிடம் நின்றதாக இருந்தால் என்னுடைய அந்த ஒரு அழைப்பை யாரும் தேட மாட்டார்கள். அது வேண்டியிருந்தது எனக்கு. நாளாக ஆக, நானே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

உன் முதல் கடிதத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக வீடியோ எடு, பத்து நாள் அளந்து பார் என்று உன்னை வார்டு முழுக்கச் சுற்றவிட்டேன். பாடம் நடத்துகிறபோது நன்றாக இருந்தது. நீ அங்கே போய்ச் சேராமல் இருந்துவிடுவாய் என்று கொஞ்சம் நினைத்தேன். சேர்ந்துவிடுவாய் என்றும் தெரியும்.

எடுத்திருந்தால் "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா" என்று சொல்லியிருப்பார். நான் உடனே உன்னைக் கூப்பிட்டிருப்பேன். நீ பத்தடி தூரத்தில் இருந்தாய். மூன்று நிமிடம் இருந்தது. இதைத்தான் மூன்றரை மாதமாகத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்கிற யோக்கியதை இல்லை, அதனால் கேட்கவில்லை.

தம்பி


மே 9

தம்பிக்கு,

விசாரணை முடிந்தது. 3.11 குறிப்பு உண்மையானது, அழைப்புப் பட்டன் அழுத்தப்பட்டது உண்மையில் 3.05க்கு, தாமதம் சுமார் ஒரு நிமிடம் என்று எழுதிவிட்டார்கள். சர்வருக்கு மணி கேட்கும் லைனைத் திறந்துவிடச் சொல்லி உத்தரவும் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அறைக்காரருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். நாளையிலிருந்து எனக்குப் பழையபடி முழு வார்டு டியூட்டி.

உன் வாக்குமூலத்தை மேட்ரன் சத்தமாகப் படித்தார். அறையில் ஒன்பது பேர் இருந்தோம். கட் பண்ணினேன் என்ற இடத்தில் அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் என்று தெரிந்ததும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வெளியே வந்து, கை கழுவி, சின்னவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான்.

நீ மறைத்ததை எழுதினாய். நான் மறைத்ததையும் எழுதிவிடுகிறேன். அந்த அழைப்பு உனக்குத்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அந்தக் குறிப்பைத் தட்டிக்கொண்டிருந்தபோது அப்பா போனைக் காதிலிருந்து எடுத்தார். "யாருப்பா?" என்று கேட்டேன். "உன் தம்பிதான். கட் பண்ணிட்டான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "வேலையா இருப்பான். அவனே கூப்பிடுவான்," என்றார். போனைத் தலையணைக்குப் பக்கத்தில், திரை மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

நெஞ்சைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கை தூரத்தில் நின்றேன், முகத்தைப் பார்த்தேன், நாடி பார்த்தேன். நன்றாக இருந்தார். நீ எடுத்திருந்தால் உன்னிடம் ஃபேன் சத்தத்தைப் பற்றித்தான் பேசியிருப்பார். உனக்காக இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. நர்ஸாகச் சொல்கிறேன்.

வாசலில் நீ கத்தியபோது இதை நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். நீ எங்கடா போன என்று. அத்தை முதல் அத்தனை பேரும் உன் பக்கம் திரும்பியிருப்பார்கள். வாய் வரை வந்தது. நீ இன்னும் ஈர வேட்டியோடு நின்றாய், கேட்கவில்லை. பிறகு கேட்க எனக்குத் தெம்பில்லை. கடைசியில் வேலை போகிற நிலை வந்தபோதும், நீயே சொல்ல வேண்டும் என்று மட்டும் இருந்தது. பதினாறு நாள் நீ எழுதாதபோதுதான் எனக்கு முதன்முதலாக ஒன்று வந்தது. பயம். வேலை போகும் என்று இல்லை, நீ சொல்லாமலே இருந்துவிடுவாய் என்று.

உன் மேல் கோபம் இருக்க வேண்டும். தேடிப் பார்க்கிறேன், இன்னும் வந்து சேரவில்லை. வந்தால் சொல்கிறேன், நீ ஓடிப்போகாதே.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. சாப்பிட வா. வர முடியவில்லை என்றால் என் எண்ணைத் திறந்துவிட்டுக் கூப்பிடு. எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் எடுப்பேன்.

அக்கா